பூசூக்கிக்கும் ஆக்டேவ் மாண்டலினுக்கும் பிக் தேர்வு

ஆக்டேவ் மாண்டலினும் பூசூக்கியும் இணைத் தந்திக் கருவிகள். ஒரு தந்தி இருக்கவேண்டிய இடத்தில் ஒட்டினாற்போல் இரண்டு எஃகுத் தந்திகள் ஓடுகின்றன. வாசிப்பவர் விரலிடுக்கில் பிடித்திருக்கும் பிக் அந்த இரண்டையும் ஒரே வீச்சில் கடந்தாக வேண்டும். முதல் தந்தியைத் தொட்டபின் இரண்டாவதில் சற்றே தயங்கினாலும் ஒலி இரண்டாகப் பிளந்து கேட்கும். கிட்டாருக்குப் பழகிய பிக் இந்தக் கருவிகளில் ஏமாற்றுவது இதனால்தான். தமிழ்நாட்டு ரசிகர்கள் மாண்டலின் என்றதும் நினைத்துக்கொள்ளும் யு. ஸ்ரீநிவாஸ் ஒற்றைத் தந்திகள் பூட்டிய மின் மாண்டலினில் வாசித்தவர். கமகத்துக்குத் தந்தியை வளைக்க அது ஏற்றது; ஆனால் இங்கே பேசப்படும் சிக்கல் அந்தக் கருவியில் எழுவதே இல்லை.

ஆக்டேவ் மாண்டலின், சாதாரண மாண்டலினுக்கு ஒரு ஸ்தாயி கீழே ஜி, டி, ஏ, ஈ என்று சுருதி சேர்க்கப்படுவது. அதன் தந்தி நீளம் சுமார் 50 முதல் 58 செ.மீ. வரை. இந்தக் குறுகிய நீளத்தில் தாழ்ந்த ஜி-யை எட்டுவதற்கு 0.046 அங்குலத்தை ஒட்டிய தடிமனில், கம்பி சுற்றிய தந்தி வேண்டியிருக்கிறது. கிரேக்க பூசூக்கியின் நிலைமை வேறு. அதன் தந்தி நீளம் சுமார் 67 செ.மீ. ஆகையால் மெல்லிய தந்திகளே போதும். மேல் இணை 0.010 அங்குலம் அளவுக்கு மெலிந்தது. ஐரிஷ் பூசூக்கி இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. தடித்த தந்தியின்மேல் வளைந்துகொடுக்கும் மெல்லிய பிக்கை ஓட்டினால் தந்தி அசைவதற்குள் பிக் மடங்கிவிடும். தாழ்ந்த சுரம் வலுவின்றிப் போகும். மெல்லிய தந்தியை விறைத்த, தடித்த பிக்கால் அழுத்தினாலோ தந்தி துள்ளி விரற்பலகையின் மெட்டுக்கட்டையில் மோதும். பிக்கின் தடிமன் பற்றிய பேச்செல்லாம் இந்த இரண்டு விபத்துகளுக்கும் இடையே வழி தேடுவதுதான்.

கிரேக்கத்தில் பூசூக்கி முதலில் மூன்று இணைகளோடு, டி, ஏ, டி என்ற சுருதியில் இருந்தது. மார்க்கோஸ் வம்வகாரிஸ் போன்ற, ரெபெட்டிகோ எனும் நகர்ப்புற இசையின் கலைஞர்கள் 1930களில் வாசித்தது இதைத்தான். நான்காவது இணை சேர்ந்த கருவியை 1950களில் பரவலாக்கியவர் மனோலிஸ் ஹியோட்டிஸ். சி, எஃப், ஏ, டி என்ற அதன் சுருதி, கிட்டாரின் மேல் நான்கு தந்திகளை ஒரு முழுச்சுரம் இறக்கியதற்குச் சமம். ஹியோட்டிஸின் வேகமான கைக்குப் பிறகு கிரேக்க இசைஞர்கள் பிக்கிடம் எதிர்பார்ப்பதும் கூடியது. ஒரு சுரத்தை இடைவிடாமல் துரிதமாக மீட்டும் ட்ரெமோலோ, ஒலி மங்காத தொடர் மேல்-கீழ் வீச்சு, 9 அட்சரமுள்ள ஸெய்பெக்கிகோ நடனத் தாளத்தில் அழுத்தமான ஒற்றைச் சுரங்கள் எல்லாவற்றையும் ஒரே துண்டு தாங்கியாக வேண்டும். கருவியின் முகப்பலகையில் சிப்பியும் நிறமும் இழைத்த பெரிய தகடு பதிக்கப்படுவதற்குக் காரணமும் இந்த வீச்சுதான். பிக் வந்து மோதுமிடத்தில் மென்மையான ஸ்ப்ரூஸ் மரம் குழிந்துவிடாமல் அது காக்கிறது. அதன் அலங்காரத்தை மட்டும் பார்த்து ரசிப்பவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள்.

அயர்லாந்துக்குப் பூசூக்கி 1960களின் நடுவில் வந்தது. ஸ்வீனிஸ் மென் குழுவின் ஜானி மொய்னிஹன் அதை அங்கே மரபிசைக்குள் கொண்டுவந்தார். அதன் தந்திகளை ஜி, டி, ஏ, டி என்று மாற்றிச் சேர்த்தார். ஆண்டி இர்வைனும் டோனல் லன்னியும் 1972இல் உருவான பிளாங்ஸ்டி குழுவில் அதை முன்னிறுத்தினார்கள். லன்னிக்காக இங்கிலாந்தின் பீட்டர் அப்நெட் செய்துகொடுத்த கருவியிலிருந்து ஐரிஷ் வடிவம் கிளைத்தது. டி டானன் குழுவின் அலெக் ஃபின் மட்டும் மூன்று இணைக் கிரேக்கக் கருவியையே விடாமல் வைத்திருந்தார். ஐரிஷ் வாசிப்பில் பூசூக்கியின் முதல் வேலை துணை நிற்பது. ஃபிடிலும் குழலும் மெட்டைச் சொல்ல, பூசூக்கி தாளத்தையும் எதிர்மெட்டையும் பின்னுகிறது. எட்டுத் தந்திகளையும் அடிக்கடி முழுமையாக வருடவேண்டியிருப்பதால் பலர் 0.60 முதல் 0.88 மி.மீ. வரையுள்ள, வளையும் பிக்கை விரும்புகிறார்கள். ஜிக் தாளத்தில் கீழ்-மேல்-கீழ் என்று மூன்று மூன்றாக விழும் வீச்சும், ரீலில் ஒரு சுரத்தை மும்முறை துரிதமாகத் தெறிக்கவைக்கும் அலங்காரமும் இப்படிப்பட்ட பிக்கில் எளிதாகக் கைவருகின்றன. அதே பிக்கோடு ஆக்டேவ் மாண்டலினில் மெட்டு வாசித்தால் சுரத்துக்கு முன்னால் 'சடக்' என்ற பிளாஸ்டிக் சத்தம்தான் முந்திக்கொண்டு கேட்கும். மெட்டுக்கு 1 மி.மீ.க்குக் குறையாத விறைத்த பிக்கே நல்லது.

சில இணைகளில் ஒரு தந்தி மற்றதைவிட ஒரு ஸ்தாயி மேலே இருக்கும். கிரேக்க நான்கிணைக் கருவியில் சி, எஃப் இணைகள் அப்படிப்பட்டவை. ஐரிஷ் வாசிப்பாளர்களில் சிலரும் ஜி, டி இணைகளை அவ்வாறு வைக்கிறார்கள். கீழ்வீச்சில் முதலில் அகப்படுகிற தந்தி உரக்கக் கேட்கும், மேல்வீச்சில் மற்றது. முனை மிகக் கூராக இருந்தால் இந்த ஏற்றத்தாழ்வு பெருகி, மெட்டு ஒவ்வொரு வீச்சுக்கும் ஸ்தாயி தாவுவதுபோல் தோன்றும். முனையைச் சற்று மழுக்கினால் இரண்டு தந்திகளும் கலந்துவிடுகின்றன.

பிக் எதனால் ஆனது என்பது அடுத்து வரும் கேள்வி. பழைய காலத்தில் அரபு ஊத் போன்ற தந்திக் கருவிகளுக்குக் கழுகின் இறகுத் தண்டு பயன்பட்டது. மாண்டலினுக்கு நெடுங்காலம் அழுங்காமையின் ஓடு உயர்ந்ததாகக் கருதப்பட்டது. அந்த ஆமையின் பன்னாட்டு வணிகத்தை 1977 முதல் சைட்டிஸ் உடன்படிக்கை தடுக்கிறது. மன்னார் வளைகுடாவிலும் வாழும் இந்த உயிரி, இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக் காப்பில் இருக்கிறது. பழைய இருப்பு என்று சொல்லி யாராவது விற்க வந்தாலும் வாங்கக் கூடாது. அந்த ஓட்டுக்கு மாற்றாக எழுந்ததுதான் பிக் தொழில். நியூயார்க்கில் 1922இல் இத்தாலியக் குடியேறி லூயிஜி டி'ஆண்ட்ரியா செல்லுலாய்டு தகட்டிலிருந்து பிக் வெட்டத் தொடங்கினார். செல்லுலாய்டு இதமான ஒலி தரும். ஆனால் விரைவில் தேயும், தீப்பொறி பட்டால் சட்டென்று பற்றும். நைலான் அதிகம் வளையும். வியர்த்த விரலிலும் நழுவாதபடி அதன்மேல் மேடான புள்ளிகள் அச்சிடப்படுகின்றன. டன்லப் நிறுவனம் 1981இல் கொண்டுவந்த டார்டெக்ஸ், டெல்ரின் என்ற பிளாஸ்டிக்கால் ஆனது. தடிமனை நிறத்தாலேயே சொல்லும். ஆரஞ்சு 0.60, மஞ்சள் 0.73, பச்சை 0.88, நீலம் 1.0 மி.மீ. அமெரிக்காவின் டென்னசியில் செய்யப்படும் புளூசிப், விண்வெளித் துறைக்கென உருவான பாலிஇமைடு வகைப் பிளாஸ்டிக்கில் வெட்டப்படுகிறது. ஒன்றின் விலை 35 டாலரைத் தாண்டும். தந்திமேல் உராய்வின்றி வழுக்கும், ஆண்டுக்கணக்கில் தேயாது.

பட்டறைகளில் பிக் உருவாவதைப் பார்த்தால் இந்த விலைப் பட்டியலுக்குப் பின்னால் இருக்கும் உழைப்பு புரிகிறது. பெருந்தொழிற்சாலையில் வேலை சுருக்கமானது. தகடு அச்சால் வெட்டப்படும். துண்டுகள் அரைப்புப் பொடியோடு சுழலும் பீப்பாயில் கொட்டப்படும். பல மணி நேர உருட்டலில் விளிம்பு மழுங்கிப் பளபளக்கும். ஆயிரம் துண்டுக்கும் ஒரே விளிம்புதான்.

கொம்பில் பிக் செய்பவரின் மேசை அப்படியல்ல. மாட்டுக் கொம்பின் உள்ளே இருக்கும் எலும்புக் கூர் ஊறவைத்தோ வேகவைத்தோ கழற்றப்படும். மிஞ்சும் உறை, நகத்தைப் போலவே கெரட்டின். சூட்டில் அது இளகும். இளகிய கையோடு பிளந்து, இரும்புத் தகடுகளுக்கு நடுவே இறுக்கித் தட்டையாக்குகிறார்கள். அவசரப்பட்டு வெளியே எடுத்தால் பழைய வளைவுக்கே திரும்ப முயலும். காய்ந்த பலகையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து நார் ஓடும் திசையைக் கண்ணால் தேடுகிறார் கைவினைஞர். முனைக்குக் குறுக்கே நார் ஓடினால் சில நாட்களில் ஏடு ஏடாகப் பிரியும் என்பதால், ரம்பம் வைக்குமுன் இந்த ஆராய்ச்சி. பிறகு அரம், அதன்பின் 400இலிருந்து 2000 வரை படிப்படியாக நயம் கூடும் உப்புத்தாள், கடைசியில் மெருகுச் சக்கரம். அறையெங்கும் முடி தீய்ந்த நாற்றம். நுண்தூசி நுரையீரலைக் கெடுக்கும் என்பதால் மூக்கு மூடியில்லாமல் இந்த வேலையில் உட்காரவே கூடாது. உத்தரப் பிரதேசத்தின் சம்பல் நகரில் சீப்பும் பொத்தானும் செய்யும் கொம்புத் தொழிலாளர்களின் கையிலும் கிட்டத்தட்ட இதே வரிசைதான். ஆனால் பிக்குக்கு ஒரு மேலதிகக் கட்டுப்பாடு உண்டு: ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு பிசகினாலும் வாசிப்பவர் விரல் அதைக் கண்டுபிடித்துவிடும். அதனால் வெர்னியர் அளவி கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது.

இந்த மேசையில் விளங்குவது விளிம்பின் முக்கியத்துவம். பிக் தந்திக்கு இணையாகப் படிவதில்லை. சற்றுத் திருகியே கடக்கிறது. அதனால் வலக்கையர் ஒருவரின் பழைய பிக்கை எடுத்துப் பார்த்தால் ஒரு பக்கத்தில் கீழ்முகமும் எதிர்ப்பக்கத்தில் மேல்முகமும் தேய்ந்து சாய்ந்திருக்கும். நல்ல கைவினைஞர் அந்தச் சாய்வைத் தாமே முன்கூட்டி வெட்டித் தருகிறார். இடக்கையருக்கு அதையே மாற்றி வெட்ட வேண்டும். சாய்வு நீண்டால் பிக் இரண்டு தந்திகள்மீதும் தடையின்றி ஏறி இறங்கும், ஒலி உருண்டையாக வரும். குறுகினால் சுரத்தின் தொடக்கத் தெறிப்பு தெளிவாகக் கேட்கும், ஆனால் சுற்றுக்கம்பித் தந்தியில் கீறல் சத்தமும் கூடும். ஹாலந்தில் கையால் செய்யப்படும் வேகன் பிக்குகள் மாண்டலின்காரர்களிடையே பெயர் பெற்றதற்குப் பெருங்காரணம் இந்தச் சாய்வுதான். பொருளைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பவர்கள் பலரும், தாம் கேட்கும் வேறுபாட்டில் பெரும்பங்கு விளிம்பிலிருந்து வருவது என்பதைக் கவனிப்பதில்லை. கரடான விலையுயர்ந்த பிக்கைவிட நன்றாக மெருகேற்றிய மலிவான பிக் இனிமையாக ஒலிக்கும்.

தேர்வு செய்யும்போது தந்தியை முதலில் முடிவுசெய்வது நல்லது. தந்தி மாறினால் பிக்கும் மாறும். ஒரே பொருளில் மூன்று தடிமன்களை வாங்கி, ஒரே மெட்டை அதே வேகத்தில் வாசித்துப் பார்க்கலாம். அப்போது எதிரே ஒருவர் உட்கார்ந்து கேட்பது அவசியம், ஏனென்றால் கருவியைத் தழுவியிருப்பவரின் காதுக்குப் பிக்கின் சடக்கொலி மிகையாகவும் முன்னோக்கிப் போகும் நாதம் குறைவாகவும் கேட்கிறது. கையின் இறுக்கத்தையும் கவனிக்க வேண்டும். அரை மணி வாசிப்பில் கட்டைவிரல் வலித்தால் பிக் மிகச் சிறியது அல்லது மிக மெல்லியது. அகன்ற முக்கோண வடிவம் அந்த வலியைக் குறைக்கும். அதற்கு மூன்று முனைகள் இருப்பதால் ஒன்று தேய்ந்ததும் திருப்பிப் பிடித்துக்கொள்ளவும் முடியும்.

புதிதாகத் தொடங்குபவர் ஐரிஷ் பூசூக்கியில் துணை வாசிக்க 0.73 மி.மீ. நைலான் பிக்கும், ஆக்டேவ் மாண்டலினில் மெட்டு வாசிக்க 1 மி.மீ. டெல்ரின் பிக்கும் வாங்கினால் போதும். கூடவே 1000, 2000 எண் உப்புத்தாள் ஒவ்வொன்று வாங்கி, வாரம் ஒருமுறை விளிம்பைத் தேய்த்துத் தோல் துண்டில் மெருகேற்றிக்கொள்ளுங்கள்.