அலை போட்ட வலை

எங்கள் கூடைப்பந்துக் கழகத்தின் இருப்புப் பதிவேட்டில், 2009ஆம் ஆண்டுப் பக்கத்தில் இப்படி ஒரு பதிவு இருக்கிறது: ‘நெட் 2. பின்னியவர் அளவு பிசகியதால் கழிக்கப்பட்டது.’ எழுதியவன் நான்தான். நெட் இரண்டு என்பது உண்மை. கழித்தோம் என்பதும் உண்மை. ஆனால் அளவு பிசகியது பின்னியவரால் அல்ல. அவர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல், என் ஆசைக்கு நான் கொடுத்த அளவு அது.

நான் ஆட்டக்காரன் இல்லை. தூத்துக்குடிப் பக்கம் வங்கி வேலைக்கு மாற்றலாகி வந்தவன். சாயங்காலம் போக்கிடம் இல்லாமல் கிரவுண்டில் போய் உட்காருவேன். ஸ்கோர் ஷீட் எழுத ஆள் வராத அன்றைக்குப் பேனாவை வாங்கினேன். அப்படியே செயலாளர் பதவி வரைக்கும் வந்துவிட்டேன். பந்தைத் தட்டிக்கொண்டு நாலு எட்டு ஓடினால் எனக்குக் கால் பின்னும்.

கோடைதோறும் மின்னொளிப் போட்டி நடத்துவோம். நன்கொடை வசூல், நோட்டீஸ், ஷீல்டு, வெளியூர் அணிகளுக்குத் தங்க இடம், சாப்பாடு எல்லாம் என் தலையில். மேடையில் பேர் வாசிக்கும்போது கைதட்டு என்னவோ கோச்சுக்கும் பையன்களுக்கும்தான். அதில் எனக்கு உள்ளூர எரிச்சல். அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் சத்தியம் செய்து மறுத்திருப்பேன். ‘கழகத்துக்குன்னு ஒரு அடையாளம் வேண்டாமா?’ என்று அந்த எரிச்சலுக்கு நல்ல பேர் வைத்திருந்தேன்.

ஜெர்சி கோச்சின் பொறுப்பு. போர்டில் விளம்பரம் கொடுத்த ஜவுளிக்கடையின் பேர். தரை வெறும் சிமென்ட். யாரும் கை வைக்காமல் மிஞ்சியிருந்தது வலைதான். எங்கள் நிறம் நீலமும் மஞ்சளும். பார்க்கிறவர்கள் கண் ஆட்டம் முழுக்க எங்கே இருக்கும்? ரிங்கில். அங்கே என் கைவண்ணம் தொங்கினால் போதும் என்று நினைத்தேன்.

முதலில் எனாமல் பெயின்ட் அடித்துப் பார்த்தேன். காய்ந்ததும் வலை விறைத்துக் கம்பிக்கூடு ஆனது. இரண்டே நாளில் உரிந்து பந்திலும் பையன்கள் உள்ளங்கையிலும் ஒட்டியது. அடுத்து, துணிக்குப் போடும் சாயப்பொடி. அது கோடைமழை ஒன்றுக்குத் தாங்கவில்லை. ரிங்குக்குக் கீழே சிமென்ட் தரையில் நீலத் தீட்டு ஒன்றை விட்டுவிட்டு வெளுத்துப் போனது. பருத்திக்கான சாயம் நைலானில் பிடிக்காது, நைலானுக்கு ஆசிட் சாயம் என்று தனியாக உண்டு, வினிகர் ஊற்றிக் கொதிக்கும் பக்குவத்தில் முக்கி வைக்க வேண்டும் என்று சாயக்கடைக்காரர்தான் சொல்லிக்கொடுத்தார். வீட்டுப் பின்கட்டில் பழைய அலுமினியக் குண்டானில் அதையும் செய்தேன். மேல் பாதி நீலம், கீழ் பாதி மஞ்சள். நன்றாகவே வந்தது. உள்ளூர்ப் பத்திரிகையில் படம் வந்தது. அதோடு நின்றிருக்கலாம்.

நின்றிருக்க வேண்டியதற்கு வேறு காரணமும் இருந்தது. எங்கள் அணியில் தூரத்திலிருந்து போடுகிற பையன் ஒருவன், ராத்திரி விளக்கில் நீல வலை இருட்டோடு இருட்டாகப் போகிறது, ரிங்கின் ஆழம் பிடிபடவில்லை என்றான். ‘பிராக்டீஸ் பத்தலடா’ என்று அனுப்பிவைத்தேன். அவன் எத்தனை வருடமாக ஆடுகிறான், நான் எத்தனை வருடமாகப் பார்க்கிறேன் என்றுகூட யோசிக்கவில்லை.

வலையைப் பற்றிப் படிக்க மட்டும் நேரம் இருந்தது. 1967இல் தொடங்கிய அமெரிக்காவின் ஏ.பி.ஏ. லீக் பந்தையே சிவப்பு, வெள்ளை, நீலமாக மாற்றியது. அதன் முதல் ஆணையர் ஜார்ஜ் மைக்கனின் யோசனை அது. 1976இல் அந்த லீக் என்.பி.ஏ.வோடு கலந்தபோது பந்து பழையபடி காவி நிறத்துக்குத் திரும்பியது. இன்னொன்று, ஜெயித்த அணி வலையை வெட்டி எடுக்கும் வழக்கம். இண்டியானா பள்ளிக்கூட ஆட்டங்களில் இருந்ததை, நார்த் கரோலைனா ஸ்டேட் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் எவரெட் கேஸ் 1947இல் தன் அணியோடு செய்து காட்டினார். அமெரிக்கக் கல்லூரி ஆட்டங்களில் அது சடங்காகவே நிலைத்துவிட்டது. ஆளுக்கொரு இழை வெட்டிக்கொள்வார்கள். படித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. இறுதிப் போட்டி முடிந்து எங்கள் பையன்கள் நீல மஞ்சள் வலையை வெட்டுவதாகவும், பக்கத்தில் நான் நிற்பதாகவும் படம்கூட மனதில் எடுத்துவிட்டேன். கத்தரிக்கோலுக்கு ரிப்பன் கட்டி வைத்தது வரை சொல்லிவிடுகிறேன்.

படிக்கவேண்டிய இன்னொன்றும் கையிலேயே இருந்தது. சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதிப்படி வலை வெள்ளைக் கயிற்றில்தான் இருக்க வேண்டும். நீளம் 40 சென்டிமீட்டருக்குக் குறையாமல், 45க்கு மிகாமல். ரிங்கில் மாட்ட 12 கண்ணி. பந்து வலையில் சிக்கிக்கொள்ளாதபடியும், வலை மேலே எகிறி ரிங்கில் சுற்றிக்கொள்ளாதபடியும் மேல்பகுதி சற்று விறைப்பாக இருக்க வேண்டும். இதில் என் கண்ணில் பட்டது 12 என்ற எண் மட்டும். பன்னிரண்டை இரண்டாகவும் மூன்றாகவும் நாலாகவும் பிரிக்கலாம்; ஒன்று விட்டு ஒன்று நீலமும் மஞ்சளுமாக ஓட்டினால் வலையைச் சுற்றி அலை அலையாகக் கோலம் விழும். கடற்கரை ஊர்க் கழகத்துக்கு இதைவிடப் பொருத்தமான சின்னம் ஏது?

வலை பின்னித் தருகிறவர் துறைமுகத்துப் பக்கம் மீன்வலை பொத்துகிற பெரியவர். கடலுக்குப் போவதை நிறுத்தியபின் அதுதான் அவருக்குப் பிழைப்பு. எங்களுக்கு வருடா வருடம் ஆறோ எட்டோ வலை பின்னுவார். எங்களைப் பார்த்துப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களும் அவரிடமே வாங்கின. தட்டையான வலையூசியில் நூலைச் சுற்றி, அளவுக்கட்டையில் ஒரு சுற்று, பெருவிரலால் ஒரு அழுத்து, ஒரு இழுப்பு. முடிச்சு விழும் சத்தம் கேட்கும். கண்ணை வலையில் வைக்காமல் நம்மோடு பேசிக்கொண்டே பின்னுவார். ஒரு கண் இன்னொன்றைவிடப் பெரிதாகப் போய் நான் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவரைப் பற்றித்தான் ‘அளவு பிசகு’ என்று எழுதினேன்.

நான் சாயம் ஏற்றிய நூலைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மாதிரிக்குப் பின்னியதில் கண்கள் பெரிதாக இருந்தன. விரிந்து தொங்கும்போது அலை தெரியவில்லை, கலைந்த நூல்தான் தெரிந்தது. கண்ணைச் சின்னதாக்குங்கள், அடியைக் குறுக்குங்கள், அப்போதுதான் கோலம் நிற்கும் என்றேன். அவர் ஊசியைக் கீழே வைத்தார்.

“பந்து எம்புட்டு இருக்கும் தம்பி?”

கையை விரித்துக் காட்டினேன். ரிங்கின் விட்டம் 45 சென்டிமீட்டர், பந்து ஏறக்குறைய 24. மேலே தாராளம்தான்.

“மேல தாராளம் சரி. அடியில போவ வழி வேணும்லா? இது மீன் புடிக்கிய வலை மாதிரில்லா சொல்லுதீய. உள்ள போனது வெளிய வராது.”

“ஆட ஆடத் தளர்ந்துரும் அண்ணாச்சி. நீங்க பின்னுங்க.”

பின்னினார். போட்டியன்று சாயங்காலம் யாரும் வருமுன்னே ஏணி போட்டு நானே மாட்டினேன். எல்லாருக்கும் ஆச்சரியமாக இருக்கட்டும் என்று ரகசியமாக வைத்திருந்தேன். மேலிருந்து பந்தைப் போட்டுப் பார்த்தேன். ஒருமுறை சரக்கென்று இறங்கியது. மறுமுறை அடியில் தயங்கி நின்று, அப்புறம் விழுந்தது. அந்தத் தயக்கத்தை நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்லித் தப்பிக்க இடமே இல்லை. கழற்றிவிட்டு வெள்ளை வலையை மாட்ட நேரமும் இருந்தது. ஏணியிலிருந்து இறங்கித் தள்ளி நின்று பார்த்தேன், அலை அழகாக இருந்தது.

முதல் பாதியிலேயே பந்து நின்றது. ரிங்கைத் தொடாமல் மெதுவாக இறங்குகிற பந்துதான் அதிகம் நின்றது. போர்டில் மோதி வேகமாக வருவது எப்படியோ பிய்த்துக்கொண்டு போனது. ஆக, நன்றாகப் போட்டவனுக்குத்தான் தொல்லை. கூட்டம் முதலில் சிரித்தது. யாரோ துடைப்பக் கட்டையால் குத்தி இறக்கினார்கள். இடைவேளையில் நடுவர் என்னிடம் வந்தார்.

“சார், வலை வெள்ளைதான் இருக்கணும். அது போகட்டும், வேற நெட் இருக்கா?”

“ஸ்டாக்ல இல்லையே” என்றேன். சாவி என் பாக்கெட்டில் இருந்தது. ஸ்டோர் ரூமில் பழைய வெள்ளை வலைகள் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தன.

வலையில் நிற்கிற பந்துக்குப் புள்ளி உண்டு. மேலிருந்து உள்ளே போய் அங்கேயே தங்கினாலும் கூடைதான் என்கிறது விதி. அதனால் யாருக்கும் புள்ளி குறையவில்லை. குறைந்தது நேரம். கூடை விழுந்ததும் எதிரணி எல்லைக்கோட்டுக்கு வெளியிலிருந்து பந்தைப் போட்டு ஆட்டத்தைத் தொடங்க வேண்டும். பந்து மேலே தொங்கினால் எதைப் போடுவது? கடைசி இரண்டு நிமிடத்தில்தான் கூடை விழுந்தவுடன் கடிகாரம் நிற்கும். அதற்கு முன்னால் நடுவர் விசில் ஊதுகிற வரைக்கும் ஓடும். நாலாம் குவார்ட்டரில் மூன்று நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல் இருக்கையில் நாங்கள் நாலு புள்ளி முன்னிலை. எங்கள் பையன் போட்ட பந்து உள்ளே போய்க் கெட்டியாக அமர்ந்துவிட்டது. துடைப்பக் கட்டைக்கு அசையவில்லை. ஏணி வந்தது.

1891 டிசம்பரில் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இந்த ஆட்டத்தைத் தொடங்கியபோது, பால்கனியில் அடித்து வைத்தவை பீச் பழக் கூடைகள். அவற்றுக்கு அடி உண்டு. கூடை விழும்போதெல்லாம் ஆள் ஏறிப் பந்தை எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. எப்போதோ விலக்கிவிட்ட அந்தத் தொல்லையை நான் கலரடித்துத் திரும்பக் கொண்டுவந்திருந்தேன். பந்து குத்தியும் வரவில்லை. கடைசியில் வலையை வெட்டத்தான் வேண்டியிருந்தது. ரிப்பன் கட்டிய கத்தரிக்கோல் மேஜையில் தயாராக இருந்தது.

நடுவர் அந்த முறை ஓடிய வினாடிகளைத் திருப்பிக் கொடுத்தார். முன்னால் போனவற்றுக்கு யார் கணக்கு வைத்தார்கள்? மீதி ஆட்டம் வெறும் ரிங்கில் நடந்தது. இரண்டு புள்ளியில் ஜெயித்தோம். வெளியூர் கோச் என்னைக் கடந்து போகும்போது, “வலை கட்டிப் பிடிச்சிட்டீங்க” என்றார். எங்கள் கேப்டன் ஷீல்டை வாங்கி நாற்காலியில் வைத்துவிட்டு, “ஜெயிச்ச மாதிரியே இல்ல சார்” என்றான். படம் எடுக்க யாரும் நிற்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடியது. என்னப்பா இப்படி ஆயிற்று என்று தலைவர் கேட்டார். திட்டுகிற தொனியில்கூட இல்லை. ‘அளவு சொன்னது நான்தான்’ என்றிருந்தால் ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும். வாயைத் திறந்தால், “பெரியவருக்கு வயசாயிட்டுல்லா, அளவு மாத்திப் பின்னிட்டாரு” என்று வந்தது. எல்லாரும் தலையாட்டினார்கள். வயசானவர் பாவம் என்று ஒருவர் வருத்தப்படவும் செய்தார். இனிமேல் கடையிலேயே வாங்கிக்கொள்ளலாம், கூலியில் பாக்கி 600 ரூபாயைக் கொடுக்க வேண்டாம் என்று பொருளாளர் சொன்னார். நான் எதிர்க்கவில்லை. அன்றிரவே பதிவேட்டில் எழுதினேன். பள்ளிக்கூடங்களுக்கும் சேதி போய், அவர்களும் நிறுத்திக்கொண்டார்கள். அந்த ஆர்டர்களை நான் நிறுத்தச் சொல்லவில்லைதான். நிறுத்தாதீர்கள் என்றும் சொல்லவில்லை.

பெரியவர் பாக்கியைக் கேட்டு வரவே இல்லை. அது எனக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்தது என்பதை எழுத இப்போதும் கை கூசுகிறது. துறைமுக ரோட்டில் அவர் உட்காரும் இடத்தைத் தவிர்த்துச் சுற்றிப் போகப் பழகிக்கொண்டேன். அதற்குப் பிறகும் பல வருடம் நான்தான் செயலாளர். பதிவேடு என் மேஜையில்தான் கிடந்தது.

பணிஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் 2000 ரூபாயை எடுத்துக்கொண்டு போனேன். அதே இடம். பார்வை மங்கியிருந்தது, விரல்கள் மட்டும் பழையபடி முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தன. குரலை வைத்து அடையாளம் கண்டு, உட்காரச் சொன்னார். பழைய பாக்கி என்று பணத்தைக் கையில் வைத்தேன். எண்ணிப் பார்த்துவிட்டுக் கூட இருக்கே என்றார். வட்டி என்றேன். சிரித்தார்.

“அது கெடக்கட்டும் தம்பி. பொறவு ஏன் ஆர்டரே வரல? பள்ளிக்கூடத்துக்காரவளும் வரல.”

சொல்லத்தான் போயிருந்தேன்.

“இப்ப எல்லாம் கடையில ரெடிமேடா வருதுல்லா அண்ணாச்சி” என்றேன்.

“அதுஞ் சரிதான்” என்று ஊசியை எடுத்துக்கொண்டார்.