மதிலுக்கு அப்பால் ஓர் ஆங்கில மாளிகை

மல்லேஸ்வரத்தில் வாடகைக்குக் குடியேறி எங்களுக்கு இருபத்தெட்டு ஆண்டுகள் ஆகின்றன. சம்பிகை சாலையில் பூ வாங்குவதும், காடு மல்லேஸ்வரர் கோயிலில் விளக்கேற்றுவதும், மாலையில் சாங்கி ஏரிக்கரையில் உலாவுவதுமாக நாட்கள் கழிந்தன. ஏரிக்குக் கிழக்கே, நெடிய மதிலுக்கு அப்பால் இருக்கும் பெங்களூர் அரண்மனையை மட்டும் நாங்கள் பார்த்ததில்லை. அருகில் இருப்பதை நாளை பார்க்கலாம் என்று ஒத்திப்போடுவது மனித இயல்பன்றோ?

சென்ற மாதம் எங்கள் வீட்டுக்காரர் வந்தார். வீட்டை இடித்து அடுக்குமாடி எழுப்பப் போவதாகவும், ஆறு மாதத்தில் காலி செய்து தரவேண்டும் என்றும் கனிவாகவே சொல்லிச் சென்றார். ஓட்டுக் கூரையும், முற்றத்தில் ஒரு செண்பக மரமும் உள்ள பழைய வீடு அது. இரண்டு நாட்கள் வீட்டில் பேச்சே இல்லை. மூன்றாம் நாள் எங்கள் அம்மாதான், "இந்தப் பேட்டையை விட்டுப் போவதற்குள் அந்த அரண்மனையையாவது ஒரு தடவை பார்த்துவிடுவோம்" என்றார். ஞாயிறன்று புறப்பட்டோம்.

வாயிலைக் கடந்து மரநிழலில் நடந்தபோது, மரங்களுக்கு இடையே சாம்பல் நிறக் கோபுரங்கள் தோன்றின. கோட்டைக் கொத்தளம் போன்ற மேல்விளிம்பு, சுவரெங்கும் பற்றிப் படர்ந்த கொடி, குறுகிய சாளரங்கள். இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தில் நிற்கவேண்டிய மாளிகை வழி தவறி நம் ஊருக்கு வந்துவிட்டதோ என்று எண்ணத் தோன்றியது.

ஆங்கில நாட்டில் இத்தகைய பெருவீட்டை 'மேனர்' என்பர். நிலக்கிழாரின் மாளிகை, அதைச் சூழ்ந்த பூங்கா, பழத்தோட்டம், குடிகள் உழுத வயல் ஆகிய அனைத்தும் சேர்ந்ததே மேனர். 1485 முதல் 1603 வரை அந்நாட்டை ஆண்ட டியூடர் மரபினர் காலத்துக் கட்டடப் பாணி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் மறுபடியும் செல்வாக்குப் பெற்றது. அந்தப் பாணியே கடல் கடந்து பெங்களூருக்கும் வந்தது.

அது வந்த கதை சுவையானது. இங்குள்ள சென்ட்ரல் உயர்நிலைப் பள்ளியின் முதல்வராக இருந்தவர் பாதிரியார் காரெட். பின்னாளில் சென்ட்ரல் கல்லூரியாக வளர்ந்தது அப்பள்ளியே. அவருக்கு உரிய இவ்விடம் 1873-இல் மைசூர் அரச குடும்பத்துக்காக 40,000 ரூபாய்க்கு வாங்கப்பட்டது. மைசூர் அரசு அப்போது ஆங்கில ஆணையர்களின் ஆட்சியில் இருந்தது. பட்டத்துக்கு உரிய பத்தாம் சாமராஜேந்திர உடையார் பத்து வயதுச் சிறுவர். அவருடைய பொருளைக் கொண்டே ஆங்கிலப் பாதுகாவலர்கள் இதை வாங்கி, 1874-இல் கட்டத் தொடங்கி, 1878-இல் முடித்தனர். கல்வியும் ஆட்சிப் பயிற்சியும் பெறும் இளவரசர் பெங்களூரில் தங்குவதற்கு ஏற்ற இல்லம் வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். 1881-இல் ஆட்சி அவர் கைக்கு வந்தது. 1894-இல், நாற்பது வயதும் நிறையுமுன், கல்கத்தாவில் அவர் காலமானார்.

உள்ளே, தரைத்தளத்தின் திறந்த முற்றத்தில் நீலநிற ஓடு பதித்த கல் இருக்கைகளைக் கண்டோம். படியேறினால் தர்பார் மண்டபம். அதன் வாயிலருகே பாடம் செய்த யானைத் தலை ஒன்று நம்மை வரவேற்கிறது. வண்ணக் கண்ணாடிச் சாளரங்களின் வழியே விழுந்த ஒளியில் எங்கள் சிறுமகள் கையை நீட்டி விளையாடினாள். அம்மா மட்டும் கல் இருக்கையில் அமர்ந்து, "பத்து வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு பெரிய வீடா? இரவில் பயந்திருப்பானே" என்றார். வரலாற்று நூல்கள் கேட்காத கேள்வி அது.

மாளிகையைவிட அதன் நிலமே பெரிது. நானூற்றைம்பது ஏக்கருக்கு மேற்பட்ட இத்தோட்டத்தை அமைத்ததில் லால்பாக் தோட்டத்தின் மேற்பார்வையாளராக இருந்த ஜான் கேமரனுக்குப் பங்குண்டு என்பர். இன்று சதாசிவநகர் என வழங்கும் பகுதி முன்பு அரண்மனையின் பழத்தோட்டமே. 'பேலஸ் ஆர்ச்சர்ட்ஸ்' என்ற பழம்பெயர் இன்னும் மறையவில்லை. சற்று வடக்கே, மைசூர் மன்னர் அளித்த நிலத்தில், திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமன் 1948-இல் தம் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவினார். அவர் வாழ்ந்த 'பஞ்சவடி' இல்லம் நம் மல்லேஸ்வரத்திலேயே இருக்கிறது.

எஞ்சிய நிலத்துக்கு நீண்ட வழக்கு வந்து சேர்ந்தது. 1996-இல் கர்நாடக அரசு அரண்மனையையும் நிலத்தையும் பொதுவுடைமையாக்கச் சட்டம் இயற்றியது. இழப்பீடு 11 கோடி ரூபாய் என்று வகுத்தது. அடுத்த ஆண்டு உயர்நீதிமன்றம் அச்சட்டம் செல்லும் என்றது. அரச குடும்பத்தினர் உச்சநீதிமன்றம் சென்றனர். சாலையை அகலப்படுத்தத் தேவைப்பட்ட பதினைந்து ஏக்கர் அளவான நிலத்தின் விலையே 2024-இல் பெரும் வாதமாயிற்று. ஸ்ரீகண்டதத்த உடையார் காலத்தில் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்துவிடப்பட்டதால்தான் நம்மைப் போன்றவர்கள் உள்ளே கால்வைக்க முடிகிறது. அவரும் 2013-இல் மறைந்துவிட்டார்.

திரும்பும் வழியில் மகள், "அப்படியென்றால் அந்த வீடு யாருடையது?" என்று கேட்டாள். நாங்கள் விடை சொல்லுமுன் மற்றொன்றும் கேட்டாள்: "நம் வீடு யாருடையது?"

வீட்டுக்காரருடையது என்று சொல்வதே முறை. அவர் பேரில் எங்களுக்குக் குறையில்லை. ஆனால் காடு மல்லேஸ்வரர் கோயிலைக் கட்டியவர் எனக் கூறப்படும் வேங்கோஜி பின்னர் தஞ்சைக்குச் சென்று அரசாண்டார். தஞ்சைப் பக்கத்திலிருந்து நாங்கள் இங்கு வந்து அக்கோயிலில் விளக்கேற்றுகிறோம். ஊர்கள் இப்படித்தான் மனிதரைக் கைமாற்றிக்கொள்கின்றன. பத்திரம் ஒருவரிடம் இருக்கும். வாழ்ந்த நாட்கள் வாழ்ந்தவரிடமே இருக்கும்.

அரண்மனையைப் பற்றி எழுதப் பலர் உள்ளனர். நமது ஓட்டு வீடுகளைப் பற்றி நாம் எழுதாவிட்டால் யார் எழுதுவார்? அன்று இரவே ஒரு குறிப்பேட்டை எடுத்து, குடிவந்த நாள், கிணறு தூர்த்த ஆண்டு, செண்பகம் முதலில் பூத்த மாதம் என நினைவுக்கு வந்தவற்றை அம்மா சொல்லச் சொல்ல மகள் தமிழில் எழுதினாள். எழுத்துப் பிழைகள் இருந்தன, திருத்தவில்லை. நம் சங்கத்து அன்பர்களும் தத்தம் வீடுகளைப் பற்றி இவ்வாறு குறித்துவைக்க வேண்டுகிறோம். வீடு இடிபடலாம், அந்த ஏடு நம்முடன் அடுத்த வீட்டுக்கு வரும்.