223

வால்டோர்ஃப். மே மாதத்து ஞாயிறு. எஸ்.ஏ.பி. கட்டடங்களின் கார் நிறுத்தம் காலியாகக் கிடக்கிறது.

நாலாவது மாடிச் சமையலறை. மேசையில் பிளாஸ்டிக் பல்சக்கரம் ஒன்று, முப்பரிமாண அச்சில் எடுத்தது. பக்கத்தில் வேகவைத்த கொண்டைக்கடலை. சர்க்கரை டப்பாவில் சாய்ந்து நிற்கும் செல்போனில் பாட்டி, மயிலாப்பூர்.

சிறுமி பற்களை எண்ணுகிறாள். முதல் பல்லில் சிவப்பு நகப்பூச்சு. எண்ணுவது ஜெர்மனில்: மூன்றும் இருபதும், நான்கும் இருபதும்.

222.

மறுபடி. 224.

அசல் ஏதென்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1901இல் ஆன்டிகிதெரா தீவருகே, மூழ்கிய கப்பலிலிருந்து கடற்பஞ்சு எடுப்பவர்கள் கொண்டுவந்த வெண்கலம். இரண்டாயிரம் வயது. 82 துண்டுகள், 30 சக்கரங்கள், பச்சைக் களிம்பு. 1905இல் ஆல்பெர்ட் ரேம் என்ற ஜெர்மானியர் ஒரு துண்டில் 'பாகோன்' என்ற மாதப் பெயரைப் படித்தார். வானத்தைக் கணக்கிடும் கருவி என்றார். அவருடைய குறிப்புகள் அச்சேறாமல் மியூனிக் நூலகத்தில் தங்கிவிட்டன.

2005இல் எட்டு டன் எக்ஸ்ரே இயந்திரம் அருங்காட்சியகத்துக்கே வந்தது. துண்டுகள் பயணம் தாங்காது. அதுவரை உடைந்த சக்கரத்தின் பற்களுக்கு ஆளுக்கொரு எண் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"பத்துக்கு ஒரு கடலை தள்ளி வைடீ."

சிறுமி தள்ளுகிறாள். விளிம்பில் நகம் ஊர்கிறது. சுற்று முடிகிறது. 21 கடலை, மூன்று பல். 213.

"யாரு தின்னா?"

அப்பா மெல்லுவதை நிறுத்துகிறார்.

புதுச்சேரி, 1825. தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் தரையில் சோழி பரப்பிச் சந்திர கிரகணம் கணிக்கிறார். எழுதுவதில்லை. வாய்பாடு மனப்பாடம். எதிரே வானியலாளர் ஜான் வாரன் குறித்துக்கொள்கிறார். தொடக்க நேரத்தில் பிழை நான்கு நிமிடம்.

நாலாவது சுற்று. கடலைக் கிண்ணம் அப்பாவுக்கு எட்டாத தூரத்தில். 22 கடலை, மூன்று பல்.

"இருநூத்தி இருபத்தி மூணு" என்கிறாள், இந்த முறை தமிழில்.

223 சந்திர மாதம்: 18 வருடம், 11 நாள், எட்டு மணி நேரம். கிரகணம் திரும்பி வரும் கணக்கு. அந்த எட்டு மணி நேரத்தில் பூமி சுழன்றுவிடும். ஊர் மாறும்.

திரையில் பராபவ வருடப் பஞ்சாங்கம். பாட்டியின் விரல் ஆடி மாதத்தில் இறங்குகிறது. "ஆகஸ்ட் 12, அமாவாசை. சூரிய கிரகணம். இங்க தெரியாதாம்."

"இங்க தெரியும்மா. சூரியன் இறங்கற நேரத்துல."

"2008ல தெரிஞ்சுது. அதுவும் ஆடி அமாவாசைதான். வெள்ளிக்கிழமை." கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறாள். "ராத்திரிச் சாப்பாடு கிரகணம் விட்டு, குளிச்சுட்டு."

அப்பா தலையாட்டுகிறார். சிறுமி சக்கரத்தை அச்சாணியில் கோக்கிறாள். கைப்பிடி கால் சுற்று போய் நிற்கிறது. ஒரு பல்லில் பிசிறு. அப்பா நகவெட்டியின் அரத்தால் தேய்க்கிறார்.

மூலையில் அச்சு இயந்திரம் முனகத் தொடங்குகிறது. இன்னும் 29 சக்கரம்.