ஐந்து வியாழக்கிழமைகள்

எங்கள் உம்மும்மா இரவு இரண்டு மணிக்கு எழும்புவார். முன்கதவின் தாழ்ப்பாளைப் பார்ப்பார், பின்கதவைப் பார்ப்பார், உறங்குகிற எங்களை ஒவ்வொருவராக எண்ணுவார். பிறகு கட்டிலுக்கு அடியில் இருக்கும் துணிப்பையைத் தடவிப் பார்ப்பார். அதில் எல்லோருடைய பிறப்புச் சான்றிதழ்களும் ஒரு சோடி உடுப்பும் இருக்கின்றன. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து இப்படித்தான்.

சாதாரண தரப் பரீட்சைக்கு மூன்று கிழமை இருந்தபோது ஒரு நாள் நான் கத்திவிட்டேன். “முப்பது வருஷமா அதே கதைதான் உம்மும்மா. இப்ப யாரு வரப்போறாங்க? லைட்ட நிப்பாட்டுங்க!” அவர் ஒன்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து விளக்குப் போடாமல் இருட்டிலேயே கதவுகளைப் பார்க்கத் தொடங்கினார். பத்து நாட்களில் பின்வாசல் படியில் தடுக்கி விழுந்து கை வீங்கியது.

கைக்கு மருந்து வாங்கப் போன இடத்தில், “ஏன் அந்த நேரத்தில் எழும்பினீங்க?” என்று டொக்டர் கேட்டார். அந்த ஒரு கேள்விதான் எங்களை உளவளத்துணைக்கு அனுப்பியது. இத்தனை வருடத்தில் வீட்டில் நாங்கள் யாரும் அதைக் கேட்டதில்லை.

உம்மும்மாவின் ஊர் மன்னார்த் தீவிலுள்ள எருக்கலம்பிட்டி. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது அவருக்கு 28 வயது. என் உம்மாவுக்கு ஆறு, மாமாவுக்கு இரண்டு. கடற்கரையில் காத்திருந்து, வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்து இறங்கி, புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் குடியேறிய கதையை நூறு தடவை கேட்டிருக்கிறேன். கேட்டிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். புத்தளத்தில் இப்படி இடம்பெயர்ந்து வாழ்வோரிடையே நடந்து 2013இல் வெளியான ஓர் ஆய்வு, ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு உளப் பாதிப்பு இருந்ததாகச் சொல்கிறது. எங்கள் ஒழுங்கையில் எத்தனை வீடு என்று எண்ணிப் பார்த்தேன்.

ஐந்து கிழமை, கிழமைக்கு ஒரு தடவை, ஒன்றரை மணித்தியாலம். உலக சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்ட முறை அது. பாகிஸ்தானின் பெஷாவரிலும் கென்யாவின் நைரோபியிலும் பரீட்சித்துப் பார்த்திருக்கிறார்கள். நெதர்லாந்தில் சிரிய அகதிகளுக்கு அவர்களைப் போன்ற அகதிகளே அரபு மொழியில் நடத்தியிருக்கிறார்கள். மனநல வைத்தியர்தான் வேண்டும் என்றில்லை, பயிற்சி பெற்ற சாதாரண ஒருவர் போதும். கடுமையான மனநோய் உள்ளவர்களையும் உயிரை மாய்த்துக்கொள்ள நினைப்பவர்களையும் மட்டும் உடனே வைத்தியரிடம் அனுப்பிவிடுவார்கள். எங்களுக்கு வந்த மிஸ் பக்கத்து ஊர்க்காரி. அறைக்குள் பேசுவது வெளியே போகாது என்றார். உம்மும்மா, “இவளும் இருக்கட்டும்” என்று என்னைக் காட்டினார். இதை எழுதுவதற்கும் அவரிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

முதல் வியாழன் மூச்சுப் பயிற்சி. வயிறு எழும்ப மெதுவாக இழுத்து, மெதுவாக விட வேண்டும். “இத நான் நாப்பது வருஷமா தஸ்பீஹோட செய்றன் மகள்” என்றார் உம்மும்மா. மிஸ் சிரித்துவிட்டு, “அப்ப தஸ்பீஹோடயே செய்ங்க உம்மா, கொஞ்சம் ஆறுதலா” என்றார்.

இரண்டாவது வியாழன் பிரச்சினைகளைப் பிரித்தார்கள். நம்மால் ஏதாவது செய்யக்கூடியவை ஒரு பக்கம், செய்ய முடியாதவை மறுபக்கம். விட்டுவந்த வீடும், வருத்தத்தோடு இங்கே வந்து மௌத்தான தன் வாப்பாவும் செய்ய முடியாத பக்கத்துக்குப் போனதை உம்மும்மா ஏற்கவில்லை. “அதத் தவிர எனக்கு வேற என்ன இருக்கு?” என்று கோபப்பட்டார். மிஸ் வாதாடவில்லை, பேசாமல் இருந்தார். நடந்ததையெல்லாம் விவரமாகச் சொல்லும்படி அவர் ஒரு நாளும் கேட்கவில்லை என்பதையும் கவனித்தேன். கடைசியில் நித்திரையை மட்டும் செய்யக்கூடிய பக்கத்தில் போட்டார்கள்.

மூன்றாவது வாரம், முன்பு விருப்பமாகச் செய்த ஒன்றைச் சிறிதாகத் தொடங்கச் சொன்னார். ஊரில் உம்மும்மா பனையோலைப் பெட்டி இழைப்பாராம். எனக்கு அது புதுச் செய்தி. முதல் நாள் ஓலை எடுத்து வைப்பது மட்டும், அடுத்த நாள் வார்வது மட்டும். வீங்கிய கையோடு இழைத்த முதல் பெட்டி ஒரு பக்கம் சரிந்துதான் இருந்தது. உம்மா அதில் வெங்காயம் போட்டு வைத்தார்.

நான்காவது வாரத்தை நான் மறக்கமாட்டேன். மனதில் உள்ளதைச் சொல்ல யார் இருக்கிறார்கள் என்று மிஸ் கேட்டார். உம்மும்மா மகளைச் சொன்னார், “அவளுக்கு வேல” என்றார். மகனைச் சொன்னார், “அவன் கட்டாரில” என்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

“இவ கேக்கமாட்டா. படிக்கிற புள்ள.”

குறையாகச் சொல்லவில்லை, எனக்காகப் பரிந்துதான் சொன்னார். மிஸ் என் பக்கம் திரும்பவேயில்லை. திரும்பியிருந்தால் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

ஐந்தாவது வாரம், இனி மனம் கனத்தால் என்ன செய்வது என்பதைப் பேசிவிட்டு முடித்தார்கள். வெறும் ஐந்து நாட்களில் முப்பது வருடம் அழிந்துவிடுமா என்று உம்மா கேட்டார். அழியவில்லை. பை இன்னமும் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறது. ஆனால் பல இரவுகளில் உம்மும்மா எழும்புவதில்லை. எழும்பினாலும் விளக்கைப் போட்டுவிட்டுத்தான் நடக்கிறார்.

போன கிழமை ஒரு நாள் விளக்கு எரிந்தது. நானும் எழும்பிப் போய்ப் பக்கத்தில் இருந்தேன். அந்த வள்ளத்தில் யார் யார் வந்தார்கள் என்று கேட்டேன்.

“நாளைக்கு ஸ்கூல் இல்லையா உனக்கு?”

“இருக்கு. நீங்க சொல்லுங்க.”

கொஞ்ச நேரம் தஸ்பீஹை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு முதலாவதாக வள்ளக்காரரின் பெயரைச் சொன்னார்.