பாதம் பார்த்தவர்

ஆவடிக்கு நாம் மாற்றலாகி வந்த முதல் வாரத்தில் விடியற்காலை ஓசை ஒன்று நாள்தோறும் நம்மை எழுப்பிவிடும். மூவேளைச் செபத்திற்கு மணியடிக்க இன்னும் அரைமணி நேரம் இருக்கும். தொலைவில் எங்கோ நூற்றுக்கணக்கான கால்கள் ஒரே நேரத்தில் தரையில் பதியும் ஒலி கேட்கும். அதற்கு முன்னதாக ஒரு குரல் எழும். நீட்டி இழுத்து, ஒரு கணம் நின்று, பின்னர் வெட்டினாற்போல் முடியும் குரல் அது. வயல் சூழ்ந்த சிற்றூர்ப் பங்கொன்றிலிருந்து வந்த நமக்கு அந்த ஓசை சற்றே அச்சத்தைத் தந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ‘மனிதர்களை இப்படி அதட்டித்தான் ஆளாக்க வேண்டுமா?’ என்று தலையணையில் கிடந்தபடியே எண்ணிக்கொள்வோம்.

ஆவடியில் வாழ்வோருக்கு இந்த ஓசை புதிதன்று. இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயே படைத்தளவாடக் கிடங்குகளைக் கண்ட ஊர் இது. 1955இல் காங்கிரஸ் மாநாடு கூடி, சமதர்மப் பாணியிலான சமுதாயம் அமைப்போம் என்று தீர்மானம் இயற்றியதும் இங்கேதான். 1961இல் கனரக வாகனத் தொழிற்சாலை அமைந்தது. 1965இல் ‘விஜயந்தா’ டாங்கி அங்கிருந்து உருண்டு வெளிவந்தது. விமானப்படை நிலையம் ஒருபுறம், தமிழ்நாடு சிறப்புக் காவல் படையின் அணிகள் மறுபுறம். மத்திய ரிசர்வ் காவல் படையும் இங்கே தன் மையத்தை அமைத்து, புதிதாகச் சேர்ந்த இளைஞருக்குப் பயிற்சி அளித்து வந்திருக்கிறது. 1939 ஜூலை 27இல் நீமச் நகரில் அரசப் பிரதிநிதியின் காவல் படையாகத் தோன்றி, நாடு விடுதலை பெற்றபின் 1949இல் புதுப்பெயர் பூண்ட படை அது. ஆக, இரும்பை உருக்கி டாங்கி செய்த ஊரிலேயே மனிதரைப் பயிற்றி வீரராக்கும் தொழிலும் நடந்து வருகிறது. இவ்விரண்டில் எது கடினம் என்ற வினாவிற்கு விடை காட்டியவர் நம் பங்கைச் சேர்ந்த பெரியவர் ஒருவர்.

வேலூர்ப் பக்கத்தவர், ஓய்வுபெற்ற சுபேதார். பெங்களூரில் உள்ள இராணுவக் காவல் படைப் பயிற்சிப் பள்ளியில் ஆசானாகப் பணியாற்றியவர். ஞாயிறு முதல் திருப்பலிக்குக் கால்மணி நேரம் முன்பே வந்து, கடைசி வரிசையில் முதுகு நிமிர்ந்து அமர்ந்திருப்பார். இராணுவக் காவல் படை என்பது படையினருக்குள்ளேயே ஒழுங்கு காக்கும் படை. சிவப்புத் தொப்பி அணிந்து பாளைய வாயிலில் நிற்பதும், போர்க்காலத்தில் வண்டி வரிசைகளுக்கு வழி காட்டுவதும், படையினரின் குற்றங்களைத் துப்பறிவதும், சிறைப்பட்ட எதிரி வீரரைக் காத்து ஒப்படைப்பதும் அவர்களின் கடமைகள். சேவையும் உதவியும் என்பதே அப்படையின் குறிக்கோள். 1971 டிசம்பரில் டாக்காவில் சரணடைந்த ஏறத்தாழ 93,000 பேரை நம் நாடு பொறுப்பேற்க நேர்ந்தபோது, கைதியைக் காக்கும் கல்வி எத்துணை இன்றியமையாதது என்பதை உலகமே கண்டது. 1949ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கையின்படி, கைதியிடம் கட்டாயமாகக் கேட்டுப் பெறத்தக்கவை பெயர், பதவி, பிறந்த நாள், படை எண் ஆகியவை மட்டுமே. அதற்கு மேல் வற்புறுத்தவோ வதைக்கவோ எவருக்கும் உரிமையில்லை.

“துப்பாக்கி பிடிக்கக் கத்துக்கொடுக்கறது சுலபம், ஃபாதர். கையில அதிகாரம் இருக்கும்போது கையை அடக்கக் கத்துக்கொடுக்கறதுதான் கஷ்டம்” என்பார் சுபேதார்.

ஒருநாள் மாலை, ஆலய முற்றத்து வேப்பமரத்தடியில் அமர்ந்து, நம் உறக்கத்தைக் கெடுத்த அந்தக் குரலைப் பற்றி அவரிடம் கேட்டோம். சிரித்தார். கட்டளைச் சொல்லுக்கு இரண்டு பகுதிகள் உண்டு என்றார். முதற்பகுதி எச்சரிக்கை; நீட்டிச் சொல்வது. இரண்டாம் பகுதி செயல், வெட்டிச் சொல்வது. இரண்டுக்கும் இடையே ஓர் இடைவெளி இருக்கிறது. அணியின் கடைசியில் நிற்கும் மந்தமான பையனும் தன்னை ஆயத்தப்படுத்திக்கொள்வதற்காகவே அந்த இடைவெளி. அதைச் சுருக்கிவிட்டால் முன்வரிசை திரும்பும், பின்வரிசை தடுமாறும். நடந்து செல்லும் அணியை ‘தம்’ என்று நிறுத்துவதற்கும் உரிய கணம் உண்டு. காலம் தவறிச் சொன்னால் அணி முழுவதும் இடறும். அப்போது பிழை அணியினுடையதன்று, ஆணையிட்டவருடையது.

மேலும் சொன்னார். ஆசானை ‘உஸ்தாத்’ என்பது படையின் வழக்கு. உஸ்தாத் எதையும் முதலில் சொல்லி விளக்குவார். பிறகு தாமே செய்து காட்டுவார்; அதற்கு ‘நமூனா’ என்று பெயர். அதன் பின்னரே அசைவைப் பகுதி பகுதியாகப் பிரித்து, எண்ணிக்கையோடு பையன்களைச் செய்யச் சொல்வார். தாம் செய்து காட்டாத ஒன்றைச் செய்யச் சொல்ல அவருக்குத் தகுதியில்லை. ஆகவே பையன்களின் சட்டை மடிப்பைச் சோதிப்பவர் அவர்களுக்கு முன்பே எழுந்து தம் சட்டை மடிப்பைச் சரிசெய்திருக்க வேண்டும். நாம் தலையசைத்துக் கேட்டுக்கொண்டிருந்தோம். மறையுரைக்கு நல்ல பொருள் கிடைத்தது என்ற மகிழ்ச்சியே அப்போது நம் உள்ளத்தில் மிகுந்திருந்தது.

சில வாரங்கள் சென்றன. ஆவடிச் சுற்றுவட்டாரத்துப் பயிற்சிப் பள்ளிகளுள் ஒன்றில் புதிதாகச் சேர்ந்திருந்த இளைஞன் ஒருவன், ஞாயிறு மாலை நம்மைத் தேடி வந்தான். தென்பாண்டிச் சீமைப் பையன். தலைமயிர் ஒட்ட வெட்டப்பட்டிருந்தது. முகம் வெயிலில் கறுத்திருந்தது. தந்தை இல்லை, தாய் பீடி சுற்றித் தங்கையைப் படிக்க வைக்கிறாள்.

“சாமி, என்னால முடியல. ஊருக்குப் போயிரலாம்னு இருக்கேன். எங்க அம்மைக்கு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க” என்றான்.

நாம் என்ன செய்தோம்? அவனை நிற்க வைத்தே உபதேசம் செய்தோம். துன்பமில்லாமல் மேன்மையில்லை என்றோம். பாம்பலூனா கோட்டையில் காலில் குண்டடிபட்ட இஞ்ஞாசியாரைப் பற்றிச் சொன்னோம். தாயின் கண்ணீரை நினைவூட்டினோம். பத்து நிமிடங்களுக்குக் குறையாமல் பேசியிருப்போம். அவன் “சரி சாமி” என்றான். அந்தச் ‘சரி’யில் உயிர் இல்லை என்பது நம் செவிக்கு எட்டவில்லை. சிலுவை அடையாளம் இட்டு அனுப்பிவிட்டு, கடமையைச் செய்துவிட்ட நிறைவோடு உள்ளே திரும்பினோம்.

முற்றத்தில் சுபேதார் அமர்ந்திருந்தார். பையன் வாயிலை நோக்கி நடந்து செல்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், “தம்பி, இங்க வா” என்று அழைத்தார். “சாப்டியா?” என்றார். அவன் தலையாட்டினான். “உட்காரு. காலைக் காட்டு” என்றார்.

பையன் தயங்கினான். சுபேதார் தரையில் ஒரு முழங்காலை ஊன்றி, தாமே குனிந்து காலணியின் கயிற்றை அவிழ்த்தார். காலுறையைக் கழற்றியபோது பையன் பல்லைக் கடித்துக்கொண்டான். குதிகாலில் கொப்புளம் உடைந்து, தோல் உரிந்து, காலுறையோடு ஒட்டிப் போயிருந்தது. இரு பெருவிரல்களின் நகங்களும் கருநீலமாகக் கன்றியிருந்தன. வெளியே சென்று வரவும் பயிற்சிக்கும் அவன் அணிந்திருந்தது ஒரே காலணிதான். அது அவன் காலுக்கு ஓர் அளவு சிறியது. வழங்கிய நாளில், “சரியா இருக்கா?” என்று கேட்டிருக்கிறார்கள். வரிசை நீளமாக இருந்தது. பின்னால் நின்றவர்கள் அவசரப்படுத்தினார்கள். “சரியா இருக்கு” என்று சொல்லிவிட்டான். பிறகு மாற்றிக் கேட்க அச்சம்.

சுபேதார் அவனுக்கு உபதேசம் எதுவும் செய்யவில்லை. வெந்நீரும் உப்பும் கேட்டு வாங்கினார். கால்களைக் கழுவித் துடைத்து மருந்திட்டார். “நாளைக் காலையில உஸ்தாத்கிட்ட நேராப் போய் நில்லு. காலைக் காட்டு. வேற ஒண்ணும் பேச வேணாம்” என்றார். அடுத்த ஞாயிறன்று பையன் வந்தான். ஆசான் அவனைத் திட்டவில்லையாம். “முதல் நாளே ஏன் சொல்லல?” என்று மட்டும் கேட்டுவிட்டு, தாமே கிடங்கிற்கு அழைத்துச் சென்று மாற்றிக் கொடுத்தாராம். ஊருக்குப் போவது பற்றி அவன் பேசவே இல்லை.

அன்று சுபேதாரிடம் கேட்டோம்: “பையன் வாய் திறந்து சொல்லியிருக்கலாமே?”

அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். “சொல்லாதது அவன் தப்பு இல்ல, ஃபாதர். சொல்லப் பயப்படற மாதிரி நான் நின்னேன்னா, அது என் தப்பு” என்றார்.

நெடுநடைப் பயிற்சி முடிந்து திரும்பியதும் பொறுப்பிலுள்ளவர் வீரர்களின் பாதங்களை ஒவ்வொன்றாகச் சோதிப்பது படைகளில் நெடுநாளைய வழக்கம் என்று அவர் விளக்கியபோதுதான் அறிந்தோம். அணிவகுப்பில் முகத்தைப் பார்த்தால் எல்லாரும் வீரராகத்தான் தெரிவார்கள். உண்மை காலணிக்குள் இருக்கும் என்பது அவர் கருத்து. 1932 டிசம்பரில் டேராடூன் இராணுவக் கல்விக்கூடத்தைத் தொடங்கி வைத்த படைத்தலைவர் செட்வுட், தலைவனாக வருபவனுக்கு ஒரு வரிசைமுறையை வகுத்துத் தந்தார். நாடு முதலாவது, தன்கீழ் இருப்போர் அடுத்தது, தன் நலம் எப்போதும் கடைசி என்பது அதன் சாரம். நம் வள்ளுவரும் படைமாட்சியைப் பாட வந்தவர், அவ்வதிகாரத்தின் இறுதிக் குறளைத் தலைமைக்கே ஒதுக்கினார். வீரர் எத்தனை பேர் இருந்தாலும் தலைவர் இல்லாத இடத்தில் படையே இல்லை என்பது அவர் கண்ட முடிவு.

கண்டிப்பே வேண்டாம் என்று சொல்ல நாம் இதை எழுதவில்லை. சுபேதார் கண்டிப்பானவர். பொய் சொன்ன பையனை மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டவர், அதற்காக வருந்தாதவர். பயிற்சியில் விட்டுக்கொடுத்த ஒவ்வொன்றுக்கும் களத்தில் வேறொருவன் விலை கொடுக்க நேரிடும் என்பார். 2021 மே 8ஆம் நாள், அவர் பணியாற்றிய அதே பெங்களூர்ப் பள்ளியில், 61 வாரக் கடும் பயிற்சியை முடித்த 83 பெண்கள் இராணுவக் காவல் படையின் முதல் மகளிர் அணியாக உறுதிமொழி ஏற்றார்கள். அச்செய்தித் துணுக்கை வெட்டித் தம் செபப்புத்தகத்தில் வைத்திருக்கிறார். “பொம்பளைப் பிள்ளைங்களுக்குன்னு பயிற்சியைக் குறைச்சிருப்பாங்களோ?” என்று அன்பியக் கூட்டத்தில் ஒருவர் கேட்டபோது, “குறைச்சிருந்தா அதுதான் அவங்களுக்குச் செய்ற அவமானம்” என்று சட்டெனப் பதில் சொன்னார். கண்டிப்பும் பரிவும் ஒரே மனிதரிடம் சண்டையின்றிக் குடியிருக்க முடியும் என்பதை அவரிடம் கண்டோம்.

நற்செய்தியில் வரும் நூற்றுவர் தலைவரைத் திருப்பலிதோறும் நினைவுகூர்கிறோம். அவர் தம் நம்பிக்கைக்காகப் புகழப்பட்டார், சரிதான். ஆனால், ஆணையிட்டால் ஆட்கள் ஓடும் நிலையில் இருந்த அந்த மனிதர், நோயுற்றுக் கிடந்த ஒரு பணியாளனுக்காக அல்லவா வழியில் இறங்கி மன்றாடினார்? தமக்குக் கீழிருந்தவனின் வலி அவருக்குத் தெரிந்திருந்தது. இத்தனை ஆண்டுகள் மறையுரை ஆற்றியும் இந்த இடத்தில் நாம் நின்று பார்த்ததில்லை.

குருமடத்தில் அதிகாரத்தைப் பற்றி நாம் இறையியல் பயின்றோம், தேர்வும் எழுதினோம். ஆண்டுதோறும் பெரிய வியாழனன்று பன்னிருவர் பாதங்களைக் கழுவுகிறோம். அவர்கள் வீட்டிலேயே கழுவிக்கொண்டு வந்த பாதங்கள். நாம் ஊற்றுவது இளஞ்சூடான நீர். உண்மையாகவே புண்பட்ட ஒரு பாதம் நம் வாயிற்படி ஏறி வந்தபோது, நாம் அதனைக் காணவில்லை. அதற்கு மேலே இருந்த முகத்திடம் பேசிக்கொண்டிருந்தோம்.

அதன்பின் நம்மிடம் பெரிய மாற்றம் நிகழ்ந்துவிட்டது என்று சொன்னால் பொய்யாகும். பீடச் சிறுவன் தாமதமாக வந்தால் இன்றும் குரல் உயர்ந்துவிடுகிறது. ஆயினும், உயர்ந்த பின்னராவது, “ஏன் தம்பி?” என்று கேட்கப் பழகி வருகிறோம். அப்படிக் கேட்டதில்தான், ஒருவன் விடியற்காலையில் பால் பாக்கெட் போட்டுவிட்டு வருகிறான் என்று தெரியவந்தது. இரண்டாண்டுகளாக அவனை நாம் சோம்பேறி என்று அழைத்து வந்திருக்கிறோம்.

அந்த இளைஞன் பயிற்சியை முடித்தான். நிறைவு அணிவகுப்பிற்கு அவன் தாயும் தங்கையும் வந்திருந்தார்கள். மறுநாள் மூவரும் ஆலயத்திற்கு வந்தபோது, சுபேதார் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “பூட்ஸ் எப்படி இருக்கு?” என்று மட்டும் கேட்டார். இருவரும் சிரித்தார்கள். தாய்க்கு ஒன்றும் விளங்கவில்லை. இன்று அவன் எங்கோ வடக்கே, குளிர் மிகுந்த மலைப்பகுதியில் காவல் நிற்கிறான். கிறிஸ்து பிறப்பு நாளில் தொலைபேசியில் வாழ்த்துச் சொல்கிறான்.

கடந்த பெரிய வியாழனன்று பன்னிருவருள் ஒருவராக அமருமாறு சுபேதாரை வற்புறுத்தினோம். மறுத்து மறுத்துக் கடைசியில் இசைந்தார். அவர்முன் மண்டியிட்டு நீர் ஊற்றியபோது கண்டோம்: வலது பெருவிரலில் நகம் இல்லை, அது இருந்த இடத்தில் தோல் தடித்துக் காய்த்திருந்தது. வழிபாடு முடிந்தபின் அதைப் பற்றிக் கேட்டோம்.

“பதினெட்டு வயசுல, பயிற்சியோட முதல் மாசம். பூட்ஸ் சின்னது. சொல்லப் பயம்” என்றார்.

விடியற்காலை ஓசை இப்போதும் கேட்கிறது. நாம் எழுந்து அமர்ந்து, இடையில் வரும் அந்த நிறுத்தத்திற்காகக் காத்திருக்கிறோம்.