எலும்பு மிஞ்சாத சாம்பல்

மங்கா எனப்படும் ஜப்பானியச் சித்திரக்கதையும், அனிமே எனப்படும் அந்நாட்டு அசைவூட்டப் படமும் நகரங்கள் அழிவதைத் திரும்பத் திரும்ப வரைந்துவருவதற்கு அணுகுண்டே வேர் என்று சொல்லப்படுவது உண்மைதான். ஆயினும் அந்தத் துயரம் குண்டு விழுந்த உடனே தாளில் இறங்கிவிடவில்லை. ஹிரோஷிமாவில் 1945 ஆகஸ்ட் 6 காலை 8.15 மணிக்கு நிகழ்ந்த வெடிப்பு அவ்வாண்டு முடிவதற்குள் ஏறத்தாழ 1,40,000 பேரைக் கொன்றது. அதைப் பற்றி எழுதவும் வரையவும் முற்பட்டவர்களின் கையை, அமெரிக்கா தலைமையிலான ஆக்கிரமிப்பு நிர்வாகம் அடுத்த மாதமே விதித்த பத்திரிகைத் தணிக்கை கட்டிப்போட்டது. தணிக்கை நீங்கிய பின்பும், ஹிபாகுஷா என்றழைக்கப்படும் அணுகுண்டுக்குத் தப்பியவர்கள், வேலையும் திருமணமும் தட்டிப்போகும் என்று அஞ்சி வாய்திறக்காதிருந்தனர். ஒஸாமு தெஸுகா 1952இல் தொடங்கிய 'வலிமைமிகு ஆட்டம்' கதையில் அணுசக்தியால் இயங்கும் இயந்திரச் சிறுவன் நாயகனாகவும், அவன் தங்கை யுரேனியத்தை நினைவூட்டும் ஊரான் என்ற பெயரோடும் வருவது, அந்த மௌனத்தின் நடுவே அணுவை நன்மைக்குரியதாக மாற்றிப் பார்க்கத் துடித்த மனத்தின் அடையாளமாகும்.

மௌனத்தை உடைத்தவர்களில் முதன்மையானவர் கெய்ஜி நகசாவா. குண்டு வெடித்தபோது ஆறு வயதுச் சிறுவனாகப் பள்ளி வாசலில் நின்றிருந்த அவரைச் சுவரொன்று மறைத்துக் காப்பாற்றியது. இடிந்து எரிந்த வீட்டுக்குள் தந்தையும் அக்காளும் தம்பியும் மாண்டனர். தாய் அன்றே ஒரு பெண்குழந்தையைப் பெற்றெடுத்தார், அதுவும் சில மாதங்களே உயிரோடிருந்தது. பிற்காலத்தில் தோக்கியோவுக்குச் சென்று சித்திரக்கதை வரைந்து பிழைத்த நகசாவா, அணுகுண்டு என்ற சொல்லையே கேட்கப் பொறாமல் தம் கடந்தகாலத்தை மறைத்து வாழ்ந்துவந்தார். 1966இல் தாய் இறந்தார். உடலை எரித்தபின் உறவினர் கூடிக் குச்சிகளால் எலும்புகளைப் பொறுக்கிக் கலயத்தில் இடுவது ஜப்பானியர் மரபு. ஆனால் அந்தத் தாயின் சாம்பலில் பொறுக்குவதற்கு எலும்பே இல்லை. வெறும் வெண்துகளையே கண்ட மகன், கதிர்வீச்சு எலும்பையும் தின்றுவிட்டது என்று கொதித்து, அன்று முதல் குண்டைப் பற்றியே வரைவதென்று தீர்மானித்தார். அவருடைய படைப்பில் பீறிடும் ஆவேசத்துக்கு, வெடிப்பின் பேரொளியைக் காட்டிலும் இந்த வெறுமையே பிறப்பிடம் என்று கொள்வது பொருந்தும்.

1973இல் ஒரு சிறுவர் வார இதழில் தொடங்கிய அவருடைய 'வெறுங்கால் கென்', தோல் உரிந்து தொங்கும் கைகளை முன்னே நீட்டி நடப்பவர்களை எந்தத் திரையுமின்றிக் காட்டியது. வாசகர்கள் முகம் சுளித்ததால் கோரத்தைக் குறைத்தே வரைய நேர்ந்ததாக நகசாவாவே கூறியிருக்கிறார். போரை எதிர்த்துச் சிறை சென்ற தந்தையையும், இழிவாக நடத்தப்பட்ட கொரிய அண்டைவீட்டாரையும் கதைக்குள் வைத்து, குண்டு வீசிய நாட்டோடு தன் நாட்டின் பேரரசரையும் படையையும் கூண்டிலேற்றிய நேர்மையே அந்நூலின் தலையாய பெருமை. 1983இல் வெளிவந்த அதன் திரைவடிவம், வெடிப்பின் சில நொடிகளை நீட்டி, உருகும் மனித உருவங்களை அசைவிலேயே காட்டியது.

போருக்குப் பின் பிறந்த கத்ஸுஹிரோ ஒத்தோமோ தம் 'அகிரா' கதையில் தோக்கியோவையே ஒரு வெண்கோளத்துக்குள் மறையச் செய்தார். அதில் பிரம்மாண்டம் உண்டு, தனிமனித இழப்பின் கனம் குறைவு. அந்தக் கனத்தை மீட்டவர், ஹிரோஷிமாவில் 1968இல் பிறந்த ஃபுமியோ கோனோ. குண்டு விழுந்து பத்தாண்டுகளுக்குப் பின் கதிர்வீச்சு நோயால் சாகும் இளம்பெண்ணின் கதையில், அவள் பார்வை மங்கியபின் கட்டங்களில் ஓவியமே இல்லை. வெற்றுக் கட்டங்களில் அவளுடைய எண்ணங்கள் மட்டும் எழுத்தாக நிற்கின்றன. நகசாவா வரைந்து நிரப்பிய இடத்தைக் கோனோ வரையாமல் விட்டே உணர்த்தினார்.

நகசாவா காலமான 2012 டிசம்பரில், மத்ஸுஎ நகரக் கல்வி நிர்வாகம் அவருடைய 'வெறுங்கால் கென்' நூலைப் பள்ளி மாணவர் கையில் எளிதில் கிட்டாதபடி ஒதுக்கிவைக்கச் சொல்லி, எதிர்ப்பு எழுந்ததும் அடுத்த ஆகஸ்டில் பின்வாங்கியது. 2023இல் ஹிரோஷிமா நகரமே தன் அமைதிக் கல்விப் பாடநூலிலிருந்து அக்கதையை நீக்கிவிட்டது. பத்துத் தொகுதிகள் கொண்ட அந்நூலைப் பிள்ளைகள் படிக்கலாமா என்று கேட்பதற்கு முன், பெரியவர்கள் ஒருமுறை முழுதாகப் படித்துவிட வேண்டும்.