ரந்தெனிவெலவுக்கு இறங்கும் பாதை

வெள்ளி, பதுளை

1630 ஓகஸ்டில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனோ டி சா பதுளையைக் கொளுத்தினார். கண்டி மன்னன் செனரத்தின் ஆட்சிக்குட்பட்ட ஊவாவின் முக்கிய ஊர் அது. வந்த காரியம் முடிந்ததென்று எண்ணித் திரும்பிய படை, சில நாட்களில் வெல்லவாயவுக்கு அருகே ரந்தெனிவெலவில் அழிந்தது. தளபதியும் அங்கேயே மாண்டார்.

தமிழருக்கு டி சா அந்நியப் பெயர் அல்ல. 1619இல் சங்கிலியனின் யாழ்ப்பாண அரசு வீழ்ந்தபோது கொழும்பிலிருந்து போர்த்துக்கேய இலங்கையை ஆண்டவர் அவரே. திருகோணமலைக் கோணேசர் கோயிலை இடித்து அங்கே கோட்டை எழுப்பியவரும் அவரே. ஆயினும் அவருடைய முடிவைப் பற்றித் தமிழில் அதிகம் எழுதப்படவில்லை.

சனி, அப்புத்தளை

பதுளை ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அப்புத்தளை 1,400 மீற்றருக்கும் மேலே. வெல்லவாய 200 மீற்றருக்கும் கீழே. இந்த மூன்று எண்களுக்குள் போரின் பாதிக் கதை அடங்கிவிடுகிறது. கவசமும் துப்பாக்கியும் வெடிமருந்தும் சுமக்கும் படைக்கு ஏற்றம் களைப்பைத் தரும். இறக்கம் அதைவிட ஆபத்தானது. ஒற்றையடிப் பாதையில் படை நூலாக நீண்டுவிடும், முன்னால் போகிறவனுக்குப் பின்னால் நடப்பது தெரியாது. கண்டியர் இதை அறிந்தே போரிட்டார்கள். எதிரி ஏறும்போது பெரிதாகத் தடுப்பதில்லை. ஊரை விட்டுக்கொடுப்பார்கள், திரும்பும் வழியில் மரங்களை வெட்டிப் போட்டு அடிப்பார்கள். 1594இல் தந்துறையில் போர்த்துக்கேயத் தளபதி பேரோ லோப்பஸ் டி சூசாவின் படையும் இப்படித்தான் சிக்கியது. பாடம் 36 ஆண்டுகள் பழையது. டி சா அதைப் படிக்கவில்லை.

அப்புத்தளைக்குக் கீழே ஹல்தும்முல்லயில், கட்டுகொடெல்ல என்ற இடத்தில், போர்த்துக்கேயர் காலத்துச் சிறு கோட்டையின் எச்சம் இன்னும் நிற்கிறது. சப்ரகமுவவிலிருந்து ஊவாவுக்கு ஏறும் வழிக்கு அது காவல்.

ஞாயிறு, மீரியபெத்த

பெரகல சந்தியில் சாலை பிரிகிறது. கிழக்கே இறங்கும் கிளை கொஸ்லந்த, தியலும வழியாக வெல்லவாயவை அடைகிறது. எல்ல இடைவெளி வழியாக வரும் மற்றொரு சாலையும் அங்கேயே முடிகிறது. எந்தப் பக்கமாக இறங்கினாலும் மலை மனிதனை அந்த ஒரே சமவெளியில்தான் கொண்டுவிடும்.

கொஸ்லந்தவுக்கு அருகே, மலைச்சரிவில், மீரியபெத்த. 17ஆம் நூற்றாண்டில் இங்கே காடு. 19ஆம் நூற்றாண்டில் அது வெட்டப்பட்டுக் கோப்பித் தோட்டங்கள் வந்தன. கோப்பியை இலை நோய் அழித்தபின் தேயிலை. தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள் லயன்கள் எனப்படும் வரிசை வீடுகளில் குடியமர்த்தப்பட்டார்கள். 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை சரிந்து லயன் வரிசைகளை மூடியது. இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. காடு இருந்த காலத்தில் இந்தச் சரிவு படைகளைத் தடுத்தது. காடு போனபின், சரிவிலேயே குடியிருக்க வைக்கப்பட்டவர்களை விழுங்கியது. போர் வரலாற்றைத் தேடி இந்த வழியே இறங்குபவர் இதைக் கடந்துதான் போக வேண்டும், கண்ணை மூடிக்கொண்டு போக முடியாது.

திங்கள், வெல்லவாய

ரந்தெனிவெல நெல்லும் புதரும் கலந்த தாழ்நிலம். போர்த்துக்கேயர் சில நூறு பேர். அவர்களோடு லஸ்கரின்கள் எனப்பட்ட ஆயிரக்கணக்கான சிங்களப் படைவீரர்கள். அந்த லஸ்கரின்களை நடத்திய முதலியார்கள் நால்வர், டொம் கொஸ்மோவைத் தலையாகக் கொண்டு, முன்பே கண்டியுடன் இரகசியமாகப் பேசி வைத்திருந்தார்கள். கண்டிப் படை சூழ்ந்ததும் முதலியார்கள் கண்டியின் பக்கம் மாறினார்கள். செனரத்தின் மகன், பின்னாளில் இரண்டாம் இராஜசிங்கனான இளவரசன், அந்தப் படையில் முன்னின்றான்.

மழை பெய்து துப்பாக்கித் திரியும் மருந்தும் நனைந்துபோயின என்பது வழிவழியாகச் சொல்லப்படும் காரணம். ஓகஸ்டில் ஊவாவின் கிழக்குச் சரிவு தென்மேற்குப் பருவ மழைக்கு மறைவில் காய்ந்து கிடக்கும். அந்த மாதத்தில் மழை வந்ததால்தான் அது தெய்வச் செயலாக நினைவில் நின்றிருக்க வேண்டும். ஆனால் மழை இல்லாமலும் தோல்வி வந்திருக்கும்: படையின் பெரும்பகுதியே எதிரியாகிவிட்ட பிறகு திரி காய்ந்திருந்து என்ன பயன்?

முப்பது ஆண்டுகளுக்கு முன், 1600இல், ஜப்பானின் செகிகஹராவிலும் மலை சூழ்ந்த சமவெளியில் இப்படியே ஒரு போர் முடிந்தது. மலைமேல் காத்திருந்த கோபயகவா ஹிதேயாகி பக்கம் மாறியதும் தொக்குகாவா இயேயாசு வென்றார். அந்தச் சாமுராய்கள் ஏந்திய திரித்துப்பாக்கி 1543இல் போர்த்துக்கேயரோடு வந்திறங்கியது. செகிகஹராவில் ஒவ்வொரு தளபதியின் முகாமிலும் இன்று கல்லும் கொடியும் நிற்கின்றன. பயணி அவற்றைப் பின்தொடர்ந்தே போரை நடந்து பார்த்துவிடலாம். ஊவாவில் அந்த வசதி இல்லை. மலையின் உயரங்களைத்தான் படிக்க வேண்டும்.

ரந்தெனிவெலவில் வென்ற கண்டியர் கொழும்பை முற்றுகையிட்டார்கள், நகரம் தப்பியது. 1638இல் கன்னொருவவில் இன்னொரு போர்த்துக்கேயத் தளபதி, டியோகோ டி மெலோ, இதே போல் மலைநாட்டிலிருந்து திரும்பும்போது படையோடு அழிந்தார்.

இந்த வழியே நடக்க ஜூன் முதல் செப்டெம்பர் வரை ஏற்ற காலம். ஒக்டோபர் மழை தொடங்கிவிட்டால், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்க்காமல் கொஸ்லந்தப் பக்கம் இறங்க வேண்டாம்.